என் போனை மட்டும் தெரிந்த பெட்டி

ஜூன் 14, சனி. ஹெப்பகோடி.

பெங்களூரின் மறுகோடியில் இருக்கும் பீன்யா மருந்து கோடவுனின் குளிர் அறையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டியை நானே மாட்டி, திருகி மூடிவிட்டு வந்தேன். அறையில் சூடு ஏறினால் அது எனக்குத் தகவல் அனுப்ப வேண்டும். சோதிப்பதற்காக என் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். உடனே லாகின் ஆனது. அந்தச் சந்தோஷத்தில் கோடவுன் வைஃபைக்கு மாற்றவே மறந்துவிட்டேன். மேனேஜர் பாஸ்வேர்டு எழுதித் தந்த சீட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

"இனிமே மணிக்கொரு வாட்டி நான் போய்ப் பாக்க வேணாமா சார்?" என்று வாட்ச்மேன் நாகராஜண்ணன் கேட்டார்.

"வேணாம்ணா, நிம்மதியா தூங்குங்க. இது பாத்துக்கும்."

என் வாயை என்ன செய்வது!

வீட்டிலிருந்து லாகின் செய்தால் பதிலே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. அதற்குத் தெரிந்தது என் போன் ஒன்றுதான். போன் இங்கே என் கையில்.

நாகராஜண்ணனுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன். எடுக்கவில்லை. தூங்கச் சொன்னதே நான்தானே. மேனேஜர் போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த அறை முழுக்க இன்சுலின்.

பைக்கில் கிளம்ப வேண்டும். அங்கே போய் அதை வைஃபைக்கு மாற்ற இந்தப் போன்தான் வேண்டும், இதில் சார்ஜ் இல்லை. ஏறட்டும் என்று காத்திருக்கிறேன். ஹாட்ஸ்பாட்டை அணைத்தால் சீக்கிரம் ஏறும். பீன்யாவுக்கு எட்டாது என்று தெரிந்தும் அணைக்க மனம் வரவில்லை.