யாரை உள்ளே விடுவது

ஜூன் 3, செவ்வாய்
ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேசையில் உட்கார்ந்து இருபது நாளாகிறது. வருகிறவர்களின் பெயரைக் கேட்க வேண்டும். என் குரல் எனக்கே கேட்பதில்லை. சர்வர் அறையைக் கவனிக்கும் அக்கா பிரசவத்துக்குப் போகிறார். அந்த இடத்துக்கு நான் வரட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டேன். எங்கிருந்து வந்ததோ தைரியம்.

"ஒன்பதாவதோட நின்னவதானே நீ?" என்றார். பிறகு, "சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. சரிப்படலன்னா திரும்ப முன்மேசைதான்."

ஜூன் 4
சர்வரில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் உள்ளே வரலாம் என்கிற கணினிகள், மற்றதில் வரக்கூடாதவை. முதல் பட்டியலில் ஒரு கணினியின் எண் இருந்தால் விட்டுவிடுகிறது, இரண்டாவதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டிலும் இல்லாவிட்டால்? அப்போதும் விட்டுவிடுகிறது. யாரென்றே தெரியாமல் விடலாமா? அதனால்தான் இரண்டாவதில் 'எல்லாரும்' என்று ஒரே வரி போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 5
மாடி லேபுக்குப் புதுக் கணினி. அனுமதிப் பட்டியலில் கடைசி வரியாகச் சேர்த்தேன். உள்ளே விடவில்லை. எண்ணை மூன்று முறை பார்த்தேன் — சரிதான். லேப் அண்ணன் இறங்கி வந்தார். "ஏம்மா, உன் சர்வருக்கு என் மூஞ்சி பிடிக்கலையா?"

சிரிப்பு வரவில்லை. நாளை வெள்ளி.

ஜூன் 6
காலையில் முன்மேசைக் கணினியின் வரியை அழித்து, புது வரிக்குக் கீழே அதையே திரும்ப அடித்துப் பார்த்தேன். லேப் திறந்துகொண்டது. முன்மேசை நின்றுபோனது. வெளியே, "எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். ஆனால் — கடைசியில் நிற்கிற வரிதானே வெளியே போகிறது? ஏன்?

சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். நேற்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது, கடைசி வரி முடியவில்லை என்று. அந்த வரிக்குப் பின்னால் நான் என்டர் தட்டவில்லை. தட்டாவிட்டால் அந்த வரியையே கணக்கில் எடுப்பதில்லை. தட்டினேன். இரண்டும் வந்தன.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏதோ மக்கர் என்றே நினைத்தார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். மேனேஜர் அறைக்குப் போய் நின்றேன்.

"முன்மேசை நின்னது என்னாலதான் சார். ஏழு நிமிஷம்."

"ஆளுங்க இருக்கும்போதா சோதிச்சுப் பார்ப்ப?"

"தப்புதான். இனிமே காலைல கூடம் திறக்கிறதுக்கு முன்னாடி பார்க்கிறேன்."

இனிமே என்று எப்படிச் சொன்னேன்? அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 7
லீவு. அம்மா கேட்டாள், என்னாச்சு என்று. தெரியாது என்றேன்.

ஜூன் 9
முன்மேசைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். கணினி திறக்கவில்லை என்று சர்வர் அறைக் கதவைத் தட்டி, "மேடம்" என்றாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.