அம்மாவை வரச் சொல்லாதே

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் சின்னவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இதை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது, போனிலும் சொல்ல முடியாது. உன் அழைப்பு வந்தாலே அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். கவனித்துக்கொள், நின்றுகொள்கிறாள், உட்கார்வதில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி உன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள், போனை வைத்ததும் அந்த முகம் எங்கே போகும் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பம்பு மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றி வார்னிஷ் ஊற்றிக் காயப் போட்டிருக்கிறேன், அது காய்கிறவரை எனக்கு நேரம்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார். மேல் வீட்டு வாத்தியார் முன்பெல்லாம் என்னைக் கண்டால் ஓய்வூதியக் கதையை ஆரம்பித்து உயிரை எடுப்பார், இப்போது படியில் பார்த்தால் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறார். அந்த மனிதரையே பேச்சை நிறுத்த வைத்துவிட்டது உன் அம்மாவின் கால்.

உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், முழுசாகச் சொல்கிறேன். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று அதற்குப் பெயராம், அடங்காத கால் என்று வைத்துக்கொள். வலி இல்லை, வீக்கம் இல்லை, வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் உட்கார்ந்தாலோ படுத்தாலோ எலும்புக்குள்ள சோடாவ ஊத்துன மாதிரி இருக்குங்க என்பாள். எழுந்து நடந்தால் அடங்கும், உட்கார்ந்தால் திரும்ப வரும். பஸ்ஸில் சீட்டு காலியாக இருக்கும், இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சீட்டு கடிக்காதும்மா, உக்காருங்க என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்து விழுந்தாள், என்னவோ நான்தான் கண்டக்டர் மாதிரி.

இதில் நான் செய்த புத்திசாலித்தனம் ஒன்று இருக்கிறது, நீ சிரித்தாலும் பரவாயில்லை. நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதித்து மிதித்துத்தான் கால் இப்படி ஆகிவிட்டது என்று நானாக முடிவு செய்து, மிதிகட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மிஷினுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் மோட்டார் சரி செய்கிறவன் பெண்டாட்டி காலுக்கு ஓய்வு கொடுக்கக் கூடாதா என்று பெருமை வேறு. அந்தக் காலுக்கு ஓய்வுதான் எமன் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மிதித்துக்கொண்டிருந்தவரை பகலில் பேசாமல் இருந்த கால், மோட்டார் வந்த பிறகு மத்தியானமே ஆரம்பித்தது. மறுபடி மிதிகட்டையை மாட்டினேன். இப்போது தைக்கத் துணி இல்லாவிட்டாலும் ஊசியில் நூல் கோக்காமல் சும்மா மிதித்துக்கொண்டே இருக்கிறாள். மேல் வீட்டு வாத்தியார் படியில் என்னை விசாரிப்பது அந்தச் சத்தம் காதில் விழுந்துதான்.

மருந்துக் கதைக்கு வருகிறேன். முதலில் பார்த்த டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், கை நடுக்க நோய்க்குக் கொடுக்கிற வகையாம். போட்ட மறுநாளே உன் அம்மா முகத்தில் தூங்கி எழுந்த களை. இதைக் கண்டுபிடித்தவன் காலில் விழணும் என்றாள். கொஞ்ச காலம் வீடு வீடாக இருந்தது. அப்புறம் படுக்கும்போது வந்தது சாயங்காலமே வர ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து, டாக்டரைக் கேட்காமலே மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றி, கூட ஒரு பாதியும் சேர்த்தோம். மோட்டாரில் லோடு ஏறினால் கம்பியைத் தடிமனாகப் போட வேண்டும், எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். நன்றாக இருந்தது, பிறகு மத்தியானம் வந்தது, பிறகு காலோடு நிற்காமல் கைக்கும் ஏறியது. கையில் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு தோளை உதறுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் இப்போது பார்க்கிற நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். உன் வயதுதான் இருக்கும், முகத்துக்கு நேரே பேசுகிற பெண். எரியுற நெருப்புல எண்ணெய ஊத்திட்டு அணையலயேன்னு கேக்குறீங்களே சார் என்றாள். இந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டாம், நாளாக ஆக மருந்தே நோயைக் கிளப்பிவிடும், கூட்டக் கூட்ட இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் மேலே ஏறும். சிலருக்குக் கண்டதையும் வாங்கிக் குவிக்கிற வெறி, சூதாட்ட வெறிகூட வருமாம். உன் அம்மாவிடம் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டாள். சண்டை போடுற வெறி முன்னாடியே இருந்ததுங்க என்றேன், அந்தப் பெண் சிரித்தது, உன் அம்மா சிரிக்கவில்லை.

சரி வேறு வழி என்ன என்று கேட்டோம், பொறுமையாகச் சொன்னாள். ரத்தத்தில் பார்த்ததில் உடம்பின் இரும்புச் சேமிப்பு ரொம்பக் குறைவு, அதை டிரிப்பில் ஏற்றிவிடலாம், ஏற்றியும் விட்டார்கள், ஆனால் அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், எல்லோருக்கும் முழுசாகக் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது, வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற மாத்திரை. நோயைக் கிளப்பிவிடுகிற குணம் அதற்கு இல்லை, ஆனால் தூக்கம் தள்ளும், தலை சுற்றும், சிலருக்குப் பாதம் வீங்கும். மூன்றாவது, அபினி வகையைச் சேர்ந்த வலி மாத்திரை, குறைந்த அளவில். அது கடைசிக் கதவு, இப்போதைக்குத் திறக்க வேண்டாம் என்றாள். அதெல்லாம் சாகக் கிடக்கிறவங்களுக்குக் குடுக்கிறது, எனக்கு வேணாம் என்று அம்மா அப்போதே எழுந்துவிட்டாள். டாக்டர் என்ன தப்பாகச் சொன்னாள்? ஆனால் இவளிடம் யார் வாதாடுவது?

முடிவாக, பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நரம்பு மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பிப்பது என்று ஆயிற்று. ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். குறைக்கிற காலத்தில் கால் பேயாட்டம் ஆடும், தூக்கமே இருக்காது, கூட ஒருத்தர் இருக்கணும், ஆனா தாண்டிடலாம் என்றாள். புது மாத்திரை போட்ட வாரமே உன் அம்மா தூக்கக் கலக்கத்தில் ஒருவருடைய பேண்ட்டின் ஓரத்தை மடித்துத் தைக்கப் போய், அதன் கால் வாயையே மூடித் தைத்துவிட்டாள். தைக்கத் துணி கொடுக்கிற கடைக்கார அண்ணன், போட்டுக்கிட்டு எங்க போறது, மூட்டை கட்டத்தான் ஆகும் என்று கேலி செய்தாராம். தையலைப் பிரித்துக்கொண்டே அழுதிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் கைத் தையலை இன்னொருவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. குளியலறையிலும் ஒருநாள் தள்ளாடிச் சுவரைப் பிடித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, முழங்கையில் காயத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். உடம்பு பழகப் பழகத் தள்ளாட்டம் குறையலாம் என்கிறாள் டாக்டர், எப்போது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன், உன் பிரசவத்துக்கு அம்மா அங்கே கிளம்புகிற விஷயத்துக்கு. போன வாரம் என் சட்டைக்குப் பொத்தான் தேடி அவளுடைய பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன். வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே வெள்ளை மாத்திரைகள். பழைய மாத்திரை. குறைக்கிறேன் குறைக்கிறேன் என்று என்னிடமும் டாக்டரிடமும் சொல்லிக்கொண்டு, தெரிந்த மருந்துக் கடைப் பையனிடம் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். பிளேன்ல அவ்வளவு நேரம் உக்காரணும்ல, அங்க போய்க் குழந்தையப் பாக்கணும்ல, கூடப் போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்துடறேன், அப்புறம் உங்க டாக்டர் சொல்றபடி கேக்கறேன் என்றாள். நான் கத்தினேன். உங்க பொண்ணுக்கு வலி வர்றப்ப நான் இங்க கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா என்று கேட்டாள்.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரைக் கேட்டேன். கூட்டினால் இப்போது மத்தியானம் வருவது காலையிலிருந்தே வரலாம், அந்த அளவிலிருந்து குறைத்து இறங்குவது இதைவிடப் பெரிய அவஸ்தை என்றாள். சரி, புது மாத்திரையோடு போகட்டுமே என்றேன். கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு நடக்கும்போது தள்ளாடினா என்ன பண்ணுவீங்க சார் என்று கேட்டாள். அவள் கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டாள், நான் வராந்தாவில் உட்கார்ந்தே இருந்தேன். பாவி மனசு அதைத் திரும்பத் திரும்பப் படமாக ஓட்டுகிறது.

அதனால் கேட்கிறேன் கண்ணு. நீதான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள், டாக்டர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் பொத்தான் டப்பாவில் சேர்ப்பாள். உடம்பைப் பாத்துக்கோம்மா, அப்புறம் வாம்மா என்று கொஞ்சிச் சொல்லாதே, அப்படிச் சொன்னால் நாளைக்கே பெட்டி கட்டுவாள். ஆள் ஏற்பாடு செய்துவிட்டோம், இடம் போதாது, நீ வந்தால் எங்களுக்குத்தான் கஷ்டம் என்று சொல். மாப்பிள்ளை லீவு போடட்டும், என் சார்பாக நீயே கேள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, அவளையும் இப்போதே கேட்டு வை. நான் வரலாமா என்றும் யோசித்தேன், எனக்குக் கம்பி சுற்றத் தெரியும், குழந்தைக்குத் துணி சுற்றத் தெரியாது. அதோடு குறைக்கிற நாட்களில் இவளைத் தனியாக விடவும் முடியாது. முதல் பிள்ளைப்பேற்றில் பெற்ற தாயைக் கூப்பிடாதே என்று உன்னிடம் சொல்கிற அப்பன் நானாகத்தான் இருப்பேன். உனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியாமல் கேட்கவில்லை.

நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடியாக இருக்க வேண்டும், என் ஆயுசில் பாதி உங்களுக்கு. ஒன்று மறக்காதே, இந்த நோய் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வருமாம், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தலைகாட்டுமாம். உனக்குக் கால் குடைந்தால் விளையாட்டாக விடாதே, உன் டாக்டரிடம் இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல், நீயாக எந்த மாத்திரையும் போடாதே. இந்தக் கடிதம் வந்ததாக அவளுக்குத் தெரியவே கூடாது. நீ போனில் சொன்ன அன்றைக்கு அவள் என்னிடம்தான் வருவாள், உங்க பொண்ணுக்கு நான் வேணாமாம் என்பாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, அப்படியா சொன்னாள் என்று கேட்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்லிவிடு கண்ணு, இந்த வாரமே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா