முதுகுதாங்கி

மார்ச் 14, வியாழன் காலை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே குளிர் தணிந்து, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என நம்புகிறேன்.

ரயில் பாதையோரம் தானாக மண்டும் செடியின் இலையை டீக்கடைக்காரர் கொதிக்கவைத்து விற்பதும், மூட்டை தூக்குகிறவர்கள் அதற்கு ‘முதுகுதாங்கி’ என்று பட்டம் சூட்டியிருப்பதும் நீ அறிந்ததே. ஒரே கிளாஸோடு நிறுத்திக்கொண்டு எழுந்தவனை, என்ன மாப்ள, உன் முதுகு வாழைத்தண்டா என்று கேட்பது அங்கே வழக்கம். அந்தக் கேலிக்கு அஞ்சியே உன் சித்தப்பா தினமும் நாலாவது கிளாஸ் வரை போனான். சித்தி அழுததால் பிப்ரவரி 8 அன்று ஒரேயடியாக நிறுத்தினான். மறுநாளே உடம்பு உதறி, வியர்வையும் வயிற்றோட்டமுமாய்ப் படுத்துவிட்டான். விஷக்காய்ச்சல் என்று நாங்கள் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தோம். நீதான் தொலைபேசியில், கடைசி கிளாஸ் எப்ப குடிச்சீங்க சித்தப்பா என்று ஒரே கேள்வி கேட்டாய். டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்றாய். தெருவே சிரிக்குமே என்று சித்தி தயங்கினாள். செடிதானேம்மா, கஞ்சாவா குடிச்சேன் என்று அவனும் முரண்டு பிடித்தான். நீ விடவில்லை, வலியை அமுக்குற செடி ஆளையும் பிடிச்சுக்கும், திடீர்னு விட்டா உடம்பு இப்படித்தான் உதறும், என் லேப்ல தினமும் பார்க்கிறதே இதைத்தான், சொல்லலைன்னா தப்பான மருந்துதான் கிடைக்கும் என்றாய். போய்ச் சொன்னான். டாக்டரம்மா திட்டவில்லை, மருந்து கொடுத்து, அதையும் சிறுகச் சிறுகக் குறைத்தார். இவ்வளவு தெளிவாகச் சொல்லியனுப்பியது யார் என்று அவர் கேட்டபோது, உடன் போயிருந்த நான், என் மகள் என்றேன். நீ பட்டம் பெற்ற தேதியையும், அவர் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன்.

கடந்த திங்கள், மார்ச் 11, அவன் வேலைக்குத் திரும்பினான். டீக்கடையில் அத்தனை பேர் நடுவில், வெறும் டீ போதும்ப்பா, தோள் வலிக்குது, இன்னிக்குப் பாதி மூட்டைதான் என்றான். யாரும் சிரிக்கவில்லை. வாழைத்தண்டு கேலியை ஆரம்பித்துவைத்த மீசைக்காரரே, எனக்கும் வலிக்குதுண்ணே, இன்னியோட விட்டுடறேன் என்று கிளாஸைத் தள்ளினார். ஒரேயடியா விட்டுடாதய்யா, நான் பட்டது போதும், வா டாக்டரைப் பாப்போம் என்று உன் சித்தப்பா அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனான். கூட நின்ற நான், அங்கிருந்தவர்களிடம் உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்; அவர்களே உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறன்று சித்தப்பா உன்னிடம் பேசுவான், தூங்கிவிடாதே. நோய்நொடியின்றி நீடு வாழ எங்கள் இருவரின் ஆசியும்.

பெருமையுடன்,
உன் அப்பா