பிந்துவின் செருப்பு

12.5.1996, நாகப்பட்டினம்

குத்தாலத்தில் நகைத் திருட்டு. மோப்பம் கிடைத்ததும் என் போலீஸ் நாய் பிந்து ரோட்டுக்குப் பாய்ந்தாள். உச்சி வெயில், தார் உருகிக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் நொண்டி உட்கார்ந்துவிட்டாள். தூக்கிப் பார்த்தால் நாலு பாதத்திலும் கொப்புளம். திருடன் போயே போய்விட்டான்.

எல்லார் எதிரிலும் இன்ஸ்பெக்டர் சொன்னார்: “மணிவண்ணா, இன்னொரு தடவை உன் நாய் உக்காந்துச்சுன்னா தஞ்சாவூர் நாய்ப் படைக்கே திருப்பி அனுப்பிடுவேன்.”

ஏன், போலீஸ் நாய்க்கு என்ன இரும்புக் காலா? அவர் பூட்ஸைக் கழட்டிட்டு அந்த ரோட்டுல நிக்கட்டுமே! சல்யூட் மட்டும் அடித்தேன்.

14.5

“அப்ப செருப்பு போட்டு விடுங்க,” என்றாள் மீனா. பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அப்பா படகின் பழைய பாய்த்துணியைக் கிழித்துத் தைத்தாள். அடியில் சைக்கிள் டியூப். என் பெண்டாட்டிக்கு என்ன கை!

20.5

மானம் போச்சு. இன்ஸ்பெக்டர் முன்னால் செருப்பை மாட்டிவிட்டேன். பிந்து மோப்பத்துக்குக் கொடுத்த கைக்குட்டையை மோந்தாள், தன் காலை மோந்தாள், உட்கார்ந்து செருப்பை நக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே கருவாட்டு நாத்தம் என்று அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வருஷக்கணக்காக மீனோடு கிடந்த பாய். எங்க ரெண்டு பேர் மூக்குக்கும் தெரியவே இல்லையே! கடற்கரையில் பிறந்த மூக்கு, எப்படித் தெரியும்?

22.5

பக்கத்து வீட்டு சித்தீக் பாய் துபாயிலிருந்து வந்திருக்கிறார். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் பெரிய பயணப் பையைக் காலி செய்து நீட்டினார். தடித்த துணி, மீனையே பார்த்திராதது. அவர் மனைவி ஷமா முறைப்பதற்குள் மீனா கத்தரியை வைத்துவிட்டாள்.

30.5

புதுச் செருப்பை அலசிக் காயவைத்தாயிற்று. பிந்து வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். நக்கவில்லை.

9.6

நீடாமங்கலம். மறுபடி நகை, மறுபடி நடுப்பகல். பிந்து நிற்கவே இல்லை! தார் ரோடு, காய்ந்த வாய்க்கால் மேடு, ரயில்வே கேட் எல்லாம் தாண்டி ஒரு கொட்டகைக்குள் ஓடிக் குரைத்தாள். உள்ளே ஆளும் இருந்தான், நகையும் இருந்தது. என் பொண்ணுடா அவ!

இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். மீனா பேரைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

17.6

தஞ்சாவூர் ஜீப் வாசலில் வந்து நின்றது. இவ்வளவுக்கு அப்புறமும் கூட்டிட்டுப் போறாங்களா? பிந்துவின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பின்கதவு திறந்து ரெண்டு நாய்கள் குதித்தன. கூட வந்த ஏட்டு கேட்டார்:

“செருப்புக்கு அளவு எடுக்குற அம்மா வீடு இதுதானுங்களா?”