உள்ளே இருப்பதாகச் சொன்ன சங்கிலி

அன்புள்ள அப்பா,

இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்கிறோம். இன்று உரைகல்லைத் துணியில் சுற்றும்போது அமில வாடை அடித்தது. உங்கள் விரல்களில் எப்போதும் இருந்த வாடை. கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

அடகு நகைகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை. என் கையெழுத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவீர்கள். ஆனால் நான் சீட்டுக் கட்டிய நகை மறுநாள் பெட்டியில் இருக்காது. காலை பஸ்ஸில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய், நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதல் தொகைக்கு ஒரு பெரிய அடகுக் கடையில் மறுபடி வைத்துவிடுவீர்கள். அந்தப் பணம் இன்னொருவருக்குக் கடனாகப் போகும்.

"அவங்க வந்து கேட்டா என்னப்பா செய்வீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏளா, எல்லாரும் ஒரே நாள்லயா வருவாவ? ஒருத்தி வந்தா மத்தவ நகைய வச்சுத் திருப்பிரலாம். பொஸ்தகம் படிக்குற புள்ளைய வச்சுக் கட நடத்த முடியாது போலுக்கே" என்று சிரித்தீர்கள்.

எல்லாரும் ஒரே வாரத்தில்தான் வந்தார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் புன்னைக்காயல் பெண்கள் வைத்த நகைகள் அவை. தடை முடிந்ததும் நல்ல மீன்பாடு. கோயில் திருவிழாவும் நெருங்கியிருந்தது. கடற்கரையே சிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

மகள் கல்யாணத்துக்காகச் சங்கிலியை மீட்க ஜெசிந்தா அக்கா முழுப் பணத்தையும் கட்டினார்கள். அதை வைத்து, சண்டைக்கு நின்ற வேறொருவரின் வளையலைத் திருப்பினீர்கள். அக்கா மறுபடி வந்தபோது, "உள்ளதான் இருக்குன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின்கதவால் போனீர்கள்.

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே அண்ணாச்சி என்னயக் கெழவியாக்கிருவாவ. ஏளா, நீ சொல்லு. சங்கிலி உள்ள இருக்கா?"

"இருக்குக்கா."

"நீ சொன்னா சரி" என்று போய்விட்டார்கள்.

பத்தாம் நாள் உங்கள் இதயம் நின்றுவிட்டது. நீங்கள் வாங்கிய தொகை முழுவதும் வட்டியோடு வந்தால்தான் நகை என்று பெரிய கடையில் சொன்னார்கள். அம்மாவின் வளையல்களை விற்றும் போதவில்லை. கல்யாணத்தன்று அக்கா மகள் இரவல் சங்கிலியோடு கோயிலில் நின்றாள். கெடு முடிந்து அவர்கள் சங்கிலி ஏலத்தில் போனது.

போன ஞாயிறு தனியாக அக்கா வீட்டுக்குப் போனேன். "அது அங்க இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா" என்றேன். அவர்கள் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அண்ணாச்சிய நம்பியா நான் அன்னைக்குத் திரும்பிப் போனேன்? ஏளா, ஒன் பேச்ச நம்பித்தான போனேன்."

உங்கள்மேல் கோபப்பட முயன்று பார்க்கிறேன், அப்பா. முடியவில்லை. நீங்கள் விட்டுப்போன கடன்களை அம்மா கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறார்கள். அக்காவிடம் பட்ட இந்தக் கடன் என்னுடையது.