ஏழாம் நம்பர் மலையில் சூரிய வேஷம்

11.2.1985, திங்கள்
தாய்மார் தேயிலை மலைக்குப் போனதும் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இன்று பதினெட்டுப் பிள்ளைகள். மூன்றுக்குச் சளி. ஒருத்தன் தூங்கவே இல்லை.

மத்தியானம் தோட்டத்து டொக்டர் ஐயா வந்தார். சுகாதார வாரத்துக்கு யாராவது சூரிய வேஷம் போட வேண்டுமாம். வெயிலில் தலையை மூடு, தண்ணீர் குடி, நிழலில் உட்கார் என்று மலை மலையாகப் போய்ச் சொல்ல வேண்டுமாம். சம்பளம் கிடையாது. வாலிபப் பிள்ளைகள் வெட்கப்பட்டு ஓடிவிட்டார்கள்.

"நான் போடுறேன் ஐயா" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போன வாரம் ஏழாம் நம்பர் மலையில் அம்மாக்கண்ணு வெயிலில் மயங்கி விழுந்தாள். பொழுது சாயும்வரை அவள் பிள்ளை என் மடியில்தான் அழுதுகொண்டிருந்தது.

12.2
என் வீட்டுக்காரர் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டார்.
"கூத்தாடிச்சி புருஷன்னு தேயிலை ஸ்டோர்ல வேல செய்றவங்க எல்லாரும் சிரிப்பாங்க."
"சிரிக்கட்டும். வெயில்ல ஒருத்தி விழுந்தப்ப யாரும் வாயத் தொறக்கலையே."


15.2
வேஷம் வந்துவிட்டது. மூங்கில் பிளாச்சு வளையம், மஞ்சள் சாயம் தோய்த்த கோதுமை மாச்சாக்கு, சுற்றிலும் அட்டைக் கதிர்கள். பார்க்க இரண்டு ஓட்டை. உள்ளே பசை நாற்றம்.

16.2, சனி
ஏழாம் நம்பர். நிழல் மரங்களைப் போன வருஷமே வெட்டிவிட்டார்கள். காற்று குளிர்கிறது, வெயிலோ தோலை உரிக்கிறது. என்னைப் பார்த்ததும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. முதுகில் கூடையோடு நின்றபடியே கேட்டாள்: "தண்ணி குடி, நெழல்ல உக்காருங்குறியே பவுலினு, தண்ணி எங்க இருக்கு? நெழலு எங்க இருக்கு? எங்களுக்கா இது தெரியாது? தொரைகிட்ட போயி சொல்லு!"

சாக்குக்குள்ளே முகம் எரிந்தது. வெயிலால் அல்ல.

17.2, ஞாயிறு
பூசையில் மனம் நிற்கவில்லை. அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லையா? இருக்கிறது. செய்யத்தான் பயம்.

18.2
செய்துவிட்டேன்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு வேஷத்தோடு போனேன். தோட்டத்துத் துரையும், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் நின்றார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னேன்: "மலைக்குத் தண்ணி பீப்பா வேணுங்க. ஒதுங்க ஒரு கொட்டகை வேணுங்க. அது இல்லாம நான் சொல்றதெல்லாம் பொய்யிங்க."

"வேஷத்தக் கழட்டிட்டு ஓடு!" என்று கண்டாக்கையா கத்தினார்.

"கழட்டுறேங்க. கழட்டினாலும் இதத்தான் சொல்லுவேன்."

கழற்றிக் கீழே வைத்தேன். குளிர் முகத்தில் அடித்தது. அதையே மறுபடியும் சொன்னேன், என் முகத்தோடு.

வீரம்மா கூடையை இறக்கினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு வரிசை முழுவதும்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பாப்போம்" என்றார்.

19.2
எனக்குப் பிள்ளைக்காம்பரா வேலை இல்லையாம். நாளையிலிருந்து கொழுந்தெடுக்க மலைக்குப் போகணுமாம் — கண்டாக்கையா உத்தரவு. பயந்துருவேன்னு நெனச்சாங்களா? நானும் கொழுந்துக்காரி பெத்த மகதான். ஆனா அந்தப் பிள்ளைங்க... நாளைக்கு யாரத் தேடும்?

20.2
ஒன்பது கிலோ கொழுந்து. விரலெல்லாம் வெடிப்பு.

27.2
தண்ணீர் பீப்பா இரண்டு வந்தது. கொட்டகை வரவில்லை. "நெழலு வர்ற வரைக்கும் உச்சி வெயில்ல கூடையத் தொட மாட்டோம்" என்று வீரம்மா கங்காணியிடம் சொல்லிவிட்டாள். நாங்களும் தொடவில்லை.

6.3
கொட்டகை எழும்பிவிட்டது. நாலு கம்பம், மேலே தகரம். சுவர் இல்லை.

11.3, திங்கள்
பதினாலு கிலோ.

பன்னிரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் இருபத்து மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். யார் நேரம் கடத்துகிறார்கள் என்று பார்க்கக் கண்டாக்கையா வந்தார். வெளியே நின்று பார்த்தார். வெயில் தாங்கவில்லை போலும். தொப்பியைக் கழற்றி, குனிந்து உள்ளே வந்தார். வீரம்மா கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள்.

நான் நகரவில்லை.