லைப்ரரி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடு

இன்று மதியம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் சால்டரிங் பசையின் வாசனை. உன் வாசனை என்றுதான் எனக்குத் தோன்றியது. உள்ளே நம் சர்க்யூட் போர்டு, பஞ்சில் சுற்றியபடியே இருந்தது.

கல்லூரிக் கடைசி வருஷப் புராஜெக்டுக்கு நீதான் பிடிவாதமாக அதைத் தேர்ந்தெடுத்தாய். உன் அப்பாவின் படகில் என்ஜின் பக்கம் தண்ணீர் ஏறினால் மேலே ஒரு விளக்கு சிமிட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த போர்டில் இருந்த பழைய சிப்புக்குத் தயாராக எந்தக் கம்பைலரும் கிடைக்கவில்லை. நாமே ஒன்றைக் கட்ட உங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். உன் அப்பா வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"என்னம்மா செய்யிறீங்க ரெண்டு பேரும்?"

"நாம எழுதுறத, லேப்டாப்புல உக்காந்துக்கிட்டே இந்த போர்டுக்குப் புரியிற பாஷையில மாத்திக் குடுக்க ஒரு ஆளு வேணும்பா. அந்த ஆளத்தான் செய்யிறோம்" என்றாய் நீ.

"போர்டு பேசுமா?"

"பேசுறதுக்கு வேண்டியதெல்லாம் லைப்ரரின்னு ஒண்ணுல இருக்கும். இதுக்கு அது இல்ல."

"அப்ப ஊமைன்னு சொல்லு."

"ஊமையெல்லாம் இல்லப்பா. கண்ணு சிமிட்டும்."

நாம் மாட்டிக்கொண்டதும் அந்த லைப்ரரியில்தான். கம்பைலர் முழுதாக உருவாக லைப்ரரியைக் கேட்டது. லைப்ரரியை உருவாக்கவோ கம்பைலர் வேண்டியிருந்தது. கேட்கிறதே என்று லேப்டாப்பின் சொந்த லைப்ரரியையே அதற்குக் காட்டினோம். திரை முழுக்கப் பிழைகள். நீ தலையிலடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அடுத்த வீட்டுப் புள்ள சட்டைய இதுக்கு மாட்டிட்டு, ஏன் பொருந்தலன்னு அழுவுறோம்டி. லைப்ரரி இல்லன்னு மொதல்லயே சொல்லிடு. அது இல்லாம என்ன முடியுமோ அத மட்டும் கேளு."

அப்படியே செய்தோம். அரைகுறையாக ஒரு கம்பைலர் பிறந்தது. ஒரு வணக்கம் எழுதிக் காட்டக்கூட அதற்கு வழியில்லை. ஆனால் அது மாற்றித் தந்ததை ஏற்றியதும் போர்டு சிமிட்டியது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். நீ வைத்த கணக்கு. அந்த அரைகுறையை வைத்துத்தான் பிறகு ஒரு சின்ன லைப்ரரி, அதை வைத்து முழுக் கம்பைலர். படகுக்கு வேறொரு போர்டு செய்துவிட்டு முதலாவதை என் கையில் திணித்தாய்.

அடுத்த ஆடியில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை.

என் மகளை நீ பார்த்ததில்லை. மூன்று வயதாகப் போகிறது, 'அம்மா' இன்னும் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். போன சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கோயிலில் ஓர் உறவுக்காரம்மா, "எங்க பேரன் ஒண்ணரை வயசுலயே ஊரை வித்துடுவான். இவ என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கா?" என்றார். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் படக்கார்டுகளைப் பரப்பி, அந்தப் பேரன் சொல்வதையெல்லாம் இவளிடம் கேட்டேன். சொல்லு, சொல்லு என்று. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து கார்டை எடுத்தாலே அறையை விட்டுப் போய்விடுகிறாள்.

பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன். "பேச்சு அப்புறம் வரட்டுங்க. நீங்க செய்யிறத எதையாச்சும் திருப்பிச் செய்யிறாளா பாருங்க, அங்கேருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையும் செய்யவில்லை.

இன்று போர்டுக்கு மின்சாரம் கொடுத்தேன். இரண்டு சின்னது, ஒன்று நீளம். தரையில் விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து என் மடியில் சாய்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கோடு சேர்ந்து சும்மா கண்ணைச் சிமிட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இரண்டு கண்களையும் இறுக்கி மூடித் திறந்தாள். இன்னொரு தடவை. மூன்றாவது முறை மூடியவள் நெடுநேரம் திறக்கவே இல்லை. உதட்டோரம் மட்டும் சிரிப்பு.

அழுதேன்டி. அழுது முடித்துவிட்டுப் படக்கார்டுகளை டப்பாவுக்குள் போட்டு மூடினேன். போர்டு வெளியிலேயே இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை கோயிலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இனி எனக்குத் தடுமாற்றம் இல்லை. பதில் உன்னுடையதுதான். பேச்சு இன்னும் வரலைங்க. கண்ணு சிமிட்டுவா.